மஃரிபுக்கு வராத அவாலே

அவாலே தீரியே வீடு எது என்று கேட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் யோசிப்பார்கள். காலாட்டி எங்கே என்று கேட்டால் நடக்கத் தெரியாத பிள்ளைகூட என் கடைக்குப் பக்கத்துக் கொட்டகையைக் கை காட்டும். பட்டப்பெயர் வைப்பதில் நாங்கள் யாருக்கும் தயவு பார்ப்பதில்லை. வாய் கோணியவர் கோணவாய், முடி கொட்டியவர் மொட்டை, அவ்வளவுதான். முகத்துக்கு நேரே கூப்பிடுவோம், அவரும் "என்ன?" என்று திரும்புவார். என் பெயர் கட்ரோ. ஊருக்கு நான் கொதிகெட்டில். டீக்கடை வைத்திருப்பதால் வந்த பெயர் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு நல்ல மனசு.

அவாலேயின் கால் ஆடும். வலது கால். நின்றாலும், உட்கார்ந்தாலும், ஒருக்களித்துப் படுத்திருந்தாலும் பாதம் மெல்ல அமுங்கும், எழும், மறுபடி அமுங்கும். சொன்னால்தான் அவருக்கே தெரியும். அந்தக் கால்தான் எங்கள் ஊருக்கு வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது.

சண்டைக்கு முன்னால் அவர் ஹாஜி சமதரின் லாரியை ஓட்டியவர். பெர்பெரா துறைமுகத்திலிருந்து அரிசியும் சர்க்கரையும் ஏற்றி வருவார், இங்கிருந்து ஆடுகளை ஏற்றிப் போவார். சண்டை வந்து நாங்களெல்லாம் எல்லை தாண்டி ஓடி, கூடாரங்களில் கிடந்து, திரும்பி வந்து பார்த்தபோது வீடுகளுக்குக் கூரை இல்லை. அந்த லாரிக்கு உடம்பே இல்லை. சட்டம் முறிந்து, பின்பக்கம் எரிந்து, வறண்ட ஆற்றின் மணலில் சாய்ந்து கிடந்தது. இஞ்சின் மட்டும் எப்படியோ பிழைத்திருந்தது. அவாலேவும் அப்படித்தான். அவருடைய மனைவி கூடாரத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். கையில் உபாஹ் என்ற பெண்குழந்தையோடு வந்து நின்றார்.

ஹாஜி கணக்குத் தெரிந்த மனிதர். துறைமுகத்திலிருந்து ஒரு பழைய டைனமோவை வாங்கி வந்தார். வெல்டிங்காரரைக் கூப்பிட்டு, இஞ்சினையும் டைனமோவையும் ஓர் இரும்புச் சட்டத்தில் எதிரும் புதிருமாகக் கோத்தார். நிற்கிற வண்டிக்கு எதிர்க்காற்று ஏது, அதனால் ரேடியேட்டருக்குத் துணையாகப் பெரிய பீப்பாய்களில் தண்ணீர் வைத்துக் குழாய் போட்டார். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, விளக்குக்கு இவ்வளவு என்று மாத வாடகை பேசினார். இஞ்சினோடு கூடவே ஆக்சிலேட்டர் மிதியும், டிரைவர் சீட்டும், டிரைவரும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

சீட்டும் டிரைவரும் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ரோட்டில் ஓடப் பிறந்த இஞ்சினுக்கு ஒரே வேகத்தில் நிற்கத் தெரியாது. ஜெனரேட்டருக்கென்றே செய்த இஞ்சினில் அந்தப் புத்தியை உள்ளேயே வைத்திருப்பார்களாம். எங்களுடையதில் அது கிடையாது. ஊரில் நாலு விளக்கு கூடினால் அதற்கு மூச்சு வாங்கும், நாலு விளக்கு அணைந்தால் தலைதெறிக்க ஓடும். மூச்சு வாங்கினால் விளக்கெல்லாம் மங்கி அழும். ஓடினால் பல்பு வெடிக்கும். ஆகவே அவாலே அந்தச் சீட்டில் உட்கார்ந்து, எதிரே சுவரில் தொங்கும் ஒற்றைப் பல்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மங்கினால் மிதியை அழுத்துவார். பளிச்சிட்டால் தளர்த்துவார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஏறி உட்கார்ந்தால் ஊர் படுக்கும்வரை இறங்க மாட்டார். தினமும் பெர்பெராவுக்குப் போய் வருகிற நேரம் ஓட்டுவார், போய்ச் சேர்வது மட்டும் எங்கேயும் கிடையாது.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்து எழ முடியவில்லை. ஹாஜியின் மச்சினன், "இது என்ன பெரிய வித்தை, காலை வச்சா போச்சு" என்று போய் உட்கார்ந்தான். அவாலே போர்வையோடு எழுந்து ஓடி வருவதற்குள் எங்கள் தெருவில் ஒரு பல்பு மிச்சமில்லை. வீடியோ கொட்டகையின் டிவி புகைந்தது. என் பிரிட்ஜ் ஒரு தினுசாக உறுமிவிட்டு ஒரு வாரம் செத்துக் கிடந்தது. அதற்குப் பிறகு அந்தச் சீட்டை யாரும் தொடவில்லை. அவாலேவுக்கும் காய்ச்சல் வரவில்லை. வந்திருந்தாலும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அசதியான மனிதர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கடை அப்படிப்பட்ட இடம். ஆனால் அவாலேயின் அசதி வேறு மாதிரி. பகலில் பீப்பாய் கழுவுவார், டீசல் வடிகட்டுவார், எதையாவது கழற்றி மாட்டுவார். நடுவில் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து டம்ளரைக் கையில் வாங்குவார். டீ ஆறிப்போகும். பார்த்தால் கண் திறந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பார். கீழே கால் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். காட் இலை மெல்லும் பழக்கத்தைக்கூட விட்டுவிட்டார். மென்றால் தூக்கம் போய்விடும், இருக்கிற கொஞ்சத் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்வானேன் என்பார். அவர் ஒருவர்தான் இந்தக் காரணத்துக்காக அதை விட்டவர்.

மஃரிபு விஷயத்துக்கு வருகிறேன். சூரியன் இறங்கியதும் பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். அந்த ஒலிபெருக்கியும் அவாலேயின் காலில்தான் ஓடும். பாங்கு கேட்டதும் எங்கள் கடைத்தெரு முழுக்க விளக்கை அணைத்துவிட்டுத் தொழப் போகும். இது எங்கள் ஊர் மரியாதை. தொழுகை நேரத்தில் ஒரு கடையில் விளக்கு எரிந்தால், அல்லா கூப்பிடும்போது இவன் வியாபாரம் பார்க்கிறான் என்று பேராகிவிடும். அந்தப் பேர் வாங்கினால் பிறகு அவன் கடைக்கு நாய்கூட வராது. அதனால் பூட்டுகிறோமோ இல்லையோ, விளக்கை அணைத்துவிடுவோம். ஒருவர் தட்டினால் அடுத்தவர், அடுத்தவருக்கு அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் தெருவே இருட்டு, பள்ளிவாசல் மட்டும் வெளிச்சம். தொழுது முடித்து முதல் ஆள் வந்து விளக்கைப் போடுவான், பின்னாலேயே தெரு மொத்தமும் போடும்.

இஞ்சினுக்கு அந்த நேரம்தான் கண்டம். சுமை மளமளவென்று இறங்கும், மறுபடி மொத்தமாக ஏறும். ஒரு மூச்சு அசந்தால் பள்ளிவாசலின் குழல்விளக்கெல்லாம் இமாம் தலையில் கொட்டும். ஆகவே ஊரே தொழுகிற நேரத்தில் அவாலே சீட்டைவிட்டு நகர முடியாது. எல்லாம் அடங்கிய பிறகு, நடுவில் எங்கேயாவது சுமை ஒரே சீராக நிற்கிறது என்று பார்த்து, மிதியில் ஒரு கல்லை வைத்துவிட்டு, கோணிச்சாக்கை விரித்து அவசரமாகத் தொழுவார். ராத்திரி இஷாவுக்கும் இதே கதைதான். என் கடைக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருக்கிற தட்டியின் ஓட்டை வழியாக நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பார்த்தது நான் ஒருத்திதான். வந்த வினையே அதுதான்.

உபாஹ் வளர்ந்துவிட்டாள். புராவோ ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் லிபான் என்ற பையனுக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், என் கடை பெஞ்சுக்குத்தான் தெரியும். நல்ல பையன். தகப்பன் இல்லை. பெரியப்பா ஹிர்சிதான் வளர்த்தார். பெரியவர்கள் கூட்டமாக வந்து பெண் கேட்பதற்கு முன்னால், ஹிர்சி மட்டும் தனியாக வந்து இமாம் வீட்டில் தங்கினார். குடும்பம் எப்படி, ஆள் எப்படி என்று விசாரிக்கத்தான். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்றார். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்றும் பார்த்துக்கொண்டார்.

வந்த மறுநாள் சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் கடைக்கு வந்தார். கூடவே இமாமும், எதிர்க்கடைத் தையல்காரர் ரூப்லேவும். கோணவாய் என்று சொன்னேனே, அவர்தான். ஹிர்சிக்கு நெடிய உடம்பு, மருதாணி போட்ட தாடி, மெதுவான பேச்சு. அப்படிப் பேசுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

"உபாஹோட தகப்பனார் அவாலே," என்று ஆரம்பித்தார். "ஆளு எப்படி?"

"தங்கமான மனுஷன்," என்றார் ரூப்லே. "யார் வம்புக்கும் போகமாட்டாரு."

"தொழுவாரா?"

ரூப்லே டம்ளருக்குள் பார்த்தார்.

"நேத்து மஃரிபுக்குப் பாக்கல, இஷாவுக்கும் பாக்கல. ஒருவேளை உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். நீங்க பாத்திருக்கீங்களா?"

"அல்லாவுக்குப் பொதுவா பேசணும்னா…" ரூப்லே தாடையைச் சொறிந்தார். "மஃரிபுக்கு நான் பாத்ததில்லீங்க. மத்தியான லுஹருக்குச் சிலநாள் வருவாரு."

"இமாம் அவர்களே, நீங்க?"

இமாம் நேர்மையான மனிதர். நேர்மையானவர்கள் சில சமயம் செய்கிற அநியாயத்தை அயோக்கியன்கூடச் செய்ய மாட்டான். "என் முதுகுக்குப் பின்னாடி நிக்கறவங்களை நான் எப்படிப் பாக்கறது?" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவரோ, "தொழுது முடிச்சு ஸலாம் குடுத்துத் திரும்பும்போது பாத்ததில்ல," என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. டீ வடிகட்டியைத் தொப்பென்று வைத்தேன். "அவரு கொட்டகையிலேயே தொழறாரு. நான் பாத்திருக்கேன்."

ஹிர்சி என் பக்கம் திரும்பினார். கோபமில்லாமல்தான் கேட்டார். "ஆம்பளைங்க யாராவது பாத்திருக்காங்களா, தங்கச்சி?"

"ஏன், என் கண்ணுல பூவா விழுந்திருக்கு?"

"கொதிகெட்டில், கொஞ்சம் எறக்கி வையி," என்றார் ரூப்லே.

"நீ உன் ஊசியைக் கோரு. அவரு மிதிக்கறதாலதான் உன் தையல்மெஷின் ஓடுது, வாயும் ஓடுது!"

ஹிர்சி எழுந்துகொண்டார். "தங்கச்சி, நான் யாரையும் கெட்டவன்னு சொல்லல. என் தம்பி சாகும்போது பையனை என் கையில குடுத்துட்டுப் போனான். பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு வராத வீட்டுல சம்பந்தம் பண்ணினா, நாளைக்கு அவன்கிட்ட நான் என்ன பதில் சொல்வேன்? நாளன்னைக்குக் காலையில ஊருக்குக் கெளம்பறேன்." குடித்த டீக்குக் காசு வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர் என்று தெரிந்தது, அதனாலேயே வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது.

சேதி உபாஹுக்குப் போக எவ்வளவு நேரமாகும். அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தவள் முகம் வீங்கியிருந்தது. அந்தக் கொட்டகையில் ரகசியம் பேச முடியாது. இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினால்தான் அவாலேவுக்குக் கேட்கும். காதும் பாதி போய்விட்டது. அதனால் அப்பாவும் மகளும் பேசியதை நான் ஒளிந்து கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். தெருவே கேட்டது.

"அப்பா, நாளைக்கு ஒருநாள் பள்ளிவாசலுக்கு வாங்க! ஒரே ஒரு மஃரிபு!"

"வெளக்கு?"

"எப்பப் பாரு வெளக்கு! அவரு போயிட்டாருன்னா திரும்பி வரமாட்டாரு அப்பா! உங்க அப்பா தொழாதவருன்னு ஊரு பூரா ஆயிடும். அப்புறம் யாரு வருவா எனக்கு?"

அவாலே சோற்றை ஒரு கையால் பிசைந்தபடி பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பள்ளிவாசலுக்கு நான்தானேம்மா வெளிச்சம் குடுக்கறேன்."

"அந்த வெளிச்சத்துல உங்களைக் காணோமேப்பா!"

அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பிறகு அவர் சொன்னார், அவ்வளவு சத்தத்திலும் எனக்குக் கேட்டது, வழக்கத்தைவிடக் கத்திச் சொன்னார் போல. "எனக்கு ரொம்ப அசதியா இருக்கு உபாஹ்."

அவள் தட்டிக்கு இந்தப்புறம் வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஆம்பளைகளைத் திட்டிக்கொண்டேதான் அழுதேன்.

மறுநாள் அவாலே எப்போதும்போல பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். டீயைக் கொடுத்து, "அண்ணே, போறீங்களா இல்லையா?" என்றேன்.

"எங்க?"

"மக்காவுக்கு! கேக்கறதைப் பாரு. பள்ளிவாசலுக்கு."

"நெனச்சுப் பாத்தேன்," என்றார். அன்றைக்கு டீயை ஆறவிடாமல் குடித்துவிட்டார். எழுந்து போகும்போது சொன்னார், "கட்ரோ, பிரிட்ஜுல பால் இருந்தா எடுத்துக் காய்ச்சிடு."

நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பாலைக் காய்ச்சினேன். பொழுது சாயும்போது கடையை எடுத்துவைத்துவிட்டு, உபாஹைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். பின்பக்கம் பெண்களுக்கென்று ஒரு தடுப்பு உண்டு, நடுவில் கனத்த திரை. அங்கே போய் உட்கார்ந்தோம்.

பாங்கு முழுசாகச் சொல்லி முடிந்தது. தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன. அப்புறம் எங்கள் தலைக்கு மேல் இருந்த குழல்விளக்கும் கண்ணைச் சிமிட்டி நின்றது. இஞ்சின் சத்தம் தாழ்ந்து, தேய்ந்து, இல்லாமல் போயிற்று. அந்த நேரத்தில் எங்கள் ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கோ ஒரு ஒட்டகம் கனைத்தது. யாரோ, "போச்சுடா, இஞ்சின் செத்துது!" என்று கத்தினார்கள். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் ஈரக்காலோடு கொட்டகைக்கு ஓடினார்கள். அதில் ரூப்லேவும் ஒருவர். பெருநாள் துணி தைக்க வாங்கி வைத்திருந்தார், பாவம்.

இருந்தவர்களை வைத்து இமாம் தொழுகையைத் தொடங்கினார். மைக் இல்லாமல் அவர் குரல் மெல்லியதாக, கிழவர் குரலாக இருந்தது. நான் திரையை விலக்கிப் பார்த்தேன். இருட்டில் ஒரே ஒரு வரிசை, அதுவும் முழுசாக இல்லை. இடம் பழகாத ஹிர்சி சுவரைத் தடவிக்கொண்டே வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னோர் உருவம் வாசலில் தயங்கியது. உள்ளே வந்து ஹிர்சிக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி நின்றது. உபாஹ் என் விரலை நெரித்தாள். டீசல் வாடை திரைக்கு இந்தப்பக்கம் வரை வந்தது.

ஐயோ, நான் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். மனுஷன் வந்தது வந்தார், விளக்கை அணைத்துவிட்டல்லவா வந்திருக்கிறார்! வெளிச்சம் இருந்தால் அவர் இல்லை, அவர் வந்தால் வெளிச்சம் இல்லை. இவரைப் பார்த்தேன் என்று இனி யார் சாட்சி சொல்வது?

குனிந்தார்கள், எழுந்தார்கள், நெற்றியைத் தரையில் வைத்தார்கள், ரக்அத் என்கிற அந்தச் சுற்று மூன்று முறை. கடைசி ஸஜ்தாவில் இமாம் தக்பீர் சொன்னதும் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் இருந்த உருவம் மட்டும் எழவில்லை. இமாம் ஸலாம் கொடுத்தார். அது அப்படியே கிடந்தது.

அப்போதுதான் கொட்டகைக்கு ஓடியவர்கள் டார்ச்சோடு திரும்பி வந்தார்கள். ரூப்லே வாசலிலேயே கத்தினார். "இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல! அந்தக் காலாட்டிதான் நிறுத்திட்டு எங்கேயோ போயிட்டான்! எங்க அவன்? கையில கெடச்சா…"

டார்ச் வெளிச்சம் வரிசையில் ஓடி, கடைசியில் போய் விழுந்தது. எண்ணெய்க் கறை படிந்த கைலி, தரையில் பதிந்த நெற்றி, இரண்டு பக்கமும் ஊன்றிய கறுத்த கைகள்.

"யா அல்லா," என்றார் யாரோ. "மௌத்தா? உயிர் போச்சா?"

உபாஹ் வீறிட்டுக்கொண்டு எழப்போனாள், நான் பிடித்துக்கொண்டேன். ஹிர்சி குனிந்து அந்த முதுகில் கையை வைத்தார். வைத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. சன்னமாக, சீராக, குறட்டை.

ரூப்லே தோளைத் தொட்டு எழுப்பப் போனார். ஹிர்சி அவர் கையைத் தடுத்தார். "யாரு இவரு?"

இமாம்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவருதான் அவாலே," என்றார்.

"பக்கத்துல நின்னப்பவே இவரு காலு நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நோயாளியோன்னு நெனச்சேன்." ஹிர்சி டார்ச் வைத்திருந்தவர்களைப் பார்த்தார். "வெளக்கை நிறுத்திட்டு வந்திருக்காரு. மத்த நாள்ல நிறுத்தாம வர முடியாதா?"

என் பொறுமை அவ்வளவுதான். திரைக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். "எப்படி வருவாரு? பாங்கு கேட்டதும் கடைத்தெரு பூரா வெளக்கை அணைக்குது. சுமை போச்சுன்னா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். காலுக்குப் பதிலா மிதியில கல்லை வச்சுட்டு வந்தாருன்னா இந்தப் பள்ளிவாசல் வெளக்கெல்லாம் வெடிக்கும். ஊரு தொழணும்னா அவரு மிதிக்கணும்!"

"வெளக்கை ஏன் அணைக்கிறாங்க?"

"தொழுகைக்கு மரியாதை," என்றார் இமாம்.

"அணைக்காம வந்தா?"

இமாம் அணைந்து கிடந்த குழல்விளக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"கடையைச் சாத்திட்டு, வெளக்கை அப்படியே எரியவிட்டுட்டு வந்தா? சுமை மாறாதே. இவரும் ஒரு கல்லை வச்சுட்டு வந்திருப்பாரே," என்றார் ஹிர்சி. அதே மெதுவான குரல். "நீங்க தொழுகைக்குக் குடுத்த மரியாதையே இவரைத் தொழவிடாம வெளிய நிறுத்தியிருக்கு. வராத ஆளுன்னு எங்கிட்ட சாட்சியும் சொன்னீங்க. நானும் கேட்டுக்கிட்டேன்."

இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இவ்வளவு சின்ன விஷயம். ரூப்லே டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நாளையிலேருந்து என் கடை வெளக்கு எரியட்டும்," என்றார். "எவனாவது ஏதாவது சொன்னா எங்கிட்ட வரட்டும்." இருட்டில் இன்னும் ரெண்டு மூன்று பேர், "என்னுதும்," "எங்களுதும்" என்றார்கள்.

அந்தப் பேச்சுச் சத்தத்தில் அவாலே விழித்துவிட்டார். தலையைத் தூக்கி, சுற்றிலும் இருட்டைப் பார்த்து, அடித்துப் பிடித்து எழப்பார்த்தார். "வெளக்கு! வெளக்கு போயிடுச்சா?"

"நீங்கதான் நிறுத்தினீங்க அண்ணே," என்றார் ரூப்லே. "இருக்கட்டும். ஒக்காருங்க."

"தொழுகை?"

"முடிஞ்சுது."

"நான் எத்தனை ரக்அத் தொழுதேன்?"

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. ஹிர்சி கேட்டார், "வெளக்கை எரியவிட்டுட்டு வாங்கன்னு நீங்க ஒருநாளாவது இவங்ககிட்ட கேட்டிருக்கலாமே?"

அவாலே யாரிடம் பேசுகிறோம் என்றுகூடத் தெரியாமல் சொன்னார். "தொழப் போறவங்களை நிறுத்தி என்னத்தைக் கேக்கறது? கடையில வெளக்கு எரிஞ்சா அவங்களுக்குத்தான் கெட்ட பேரு."

பக்கத்தில் உபாஹின் உடம்பு குலுங்கியது. என் முந்தானையை எடுத்து அவள் வாயில் அழுத்தினேன். எனக்கும் ஒன்று தேவைப்பட்டது.

ஹிர்சி அவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். "நான் ஹிர்சி. லிபானோட பெரியப்பா. கூட்டமா பெரியவங்களோட வந்துதான் கேக்கணும், அதுதான் முறை. ஆனா நான் இப்பவே கேக்கறேன். உங்க பொண்ணை எங்க பையனுக்குக் குடுப்பீங்களா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உபாஹும்தான். பள்ளிவாசலே பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

அவாலே வெகுநேரம் அவரையே பார்த்தார். என்ன கேட்கிறார் என்று புரிந்துகொள்ள அவ்வளவு நேரம் ஆயிற்று. கண்ணில் நீர் கட்டியிருந்தது, அது அழுகையா தூக்கமா என்று அந்த இருட்டில் சொல்ல முடியாது. ஹிர்சியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"குடுக்கறேன்," என்றார். "சந்தோஷமா குடுக்கறேன். மத்ததைக் காலையில பேசலாமா? தப்பா நெனச்சுக்காதீங்க… நான் கொஞ்சம் தூங்கிக்கறேன்."

"தூங்குங்க," என்றார் ஹிர்சி. "நான் இங்கதான் இருக்கேன்."

அவாலே அங்கேயே பாயில் ஒருக்களித்துச் சாய்ந்தார். சாயும்போதே தூங்கிவிட்டார். ஹிர்சி தன் சால்வையை எடுத்து அவர்மேல் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே போனார்கள். அன்று ஊரில் யாரும் விளக்குக் கேட்கவில்லை.